வாரும் பெல்ட்டும்

எங்கள் தெருவுக்குள் ஒரு நாலு சக்கர வண்டி நுழைந்தால் சனங்கள் முதலில் அதன் கதவைத்தான் பார்ப்பார்கள். போலீஸ் ஜீப்பா, ஓட்டுக் கேட்டு வருகிற வண்டியா, வட்டிக்குக் கொடுத்தவன் வண்டியா, இல்லை விடியக்காலம் பொம்பளையாட்களை ஏத்திக்கொண்டு போகிற பயராபீஸ் வேனா. இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். வண்டி என்றால் எங்களைத் தேடி வருவது, எங்களை ஏத்திக்கொண்டு போவது. எங்களுடையது என்று ஒரு கார் தெருவில் நின்றது 2014இல்தான். நானும் என் தம்பியும், அதாவது சின்னையா மகனும், டாக்சியாக ஓடிக் கைமாறிய ஒரு பழைய டீசல் காரைக் கடன் வாங்கி எடுத்தோம். இந்தக் கட்டுரை அந்தக் காரின் எஞ்சினைப் பற்றியது. எஞ்சினுக்கும் தலித் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்து வாசிக்க வேண்டும்.

நம் மக்களுக்கு வண்டி எப்போதும் வெறும் வண்டியாக இருந்ததில்லை. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். அதில் இரண்டு வண்டிகள் வருகின்றன. ஒன்று 1901இல். சிறு பையனாக அவர் அண்ணனோடும் மற்ற பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி அப்பாவைப் பார்க்கப் போகிறார். பிள்ளைகள் மகர் சாதி என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரனும் வரவில்லை. கடைசியில் ஒருத்தன் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறான். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவானாம். இரண்டாவது 1929இல், சாலிஸ்கானில். அப்போது அவர் படித்துப் பட்டம் வாங்கியவர், அரசாங்கக் கமிட்டி உறுப்பினர். அப்பவும் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏத்தி ஓட்ட மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறோம் என்றார்கள். நம் ஆள் ஒருவர் ஓட்டினார். அவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டி வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது.

இதை வாசித்தவர்கள் அவமானத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் மெக்கானிக் வேலை பார்த்தவன், எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. ஓட்டத் தெரிந்தவன் ஓட்ட மாட்டேன் என்கிறான். ஓட்ட முன்வந்தவனுக்கோ கத்துக்கொள்ள ஒரு நாளும் ஒரு வண்டி கிடைத்ததில்லை. தொடமாட்டேன் என்பதும் கத்துத்தர மாட்டேன் என்பதும் சேர்ந்துதான் அந்தக் காலை முறித்தன.

எங்கள் மாவட்டத்திலும் ஒரு வண்டிக் கதை உண்டு. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது இதற்குக் காமராசர் மாவட்டம் என்று பெயர். 1997இல் விருதுநகர் வட்டாரத்துக்கு என்று ஒரு புதுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. கட்டபொம்மன் படையில் தளபதியாக நின்று வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர், தேவேந்திரர் சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியில் ஒரு கூட்டம் கிளம்பியது. பஸ்கள் உடைந்தன, கலவரத்தில் உயிர்கள் போயின. கடைசியில் அந்த வருசம் சூலையில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. அதே பஸ்தான், அதே எஞ்சின்தான், அதே டிக்கெட்டுதான். முன்னால் எழுதியிருந்த ஒரு பெயரைத் தாங்க முடியவில்லை. அதற்கு இரண்டு வருசம் முன்னால், 1995 ஆகஸ்ட் 31 அன்று, தூத்துக்குடிப் பக்கம் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது நொறுக்கியவற்றில் டிராக்டரும் லாரியும் இருந்தன, கொளுத்தியவற்றில் படித்த பையன்களின் சர்டிபிகேட்டும் பாஸ்போர்ட்டும் இருந்தன என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. நம் ஆட்கள் கையில் வண்டி இருப்பது யார் கண்ணை உறுத்துகிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆகவே எங்கள் தெருவில் நின்ற அந்தக் கார் எங்கள் இரண்டு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. பிரசவம், பரீட்சை, பெண் பார்க்கப் போவது எல்லாவற்றுக்கும் அதுதான். எல்லாவற்றையும் விட, வெடி. எங்கள் பக்கம் வெடி என்று சொன்னால் தீபாவளி ஞாபகம் வராது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். காப்பாத்த ஓடினவர்களும் அதில் உண்டு. அப்போது எங்களிடம் கார் இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது இருந்தது. 108 வண்டி கருகினவர்களை ஏத்திக்கொண்டு போய்விடும். பின்னாலேயே அழுதுகொண்டு ஓடுகிற அம்மாவும் பொண்டாட்டியும் எதில் போவார்கள்? மதுரை பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு நாளில் மூன்று நடை போனான் தம்பி. ஒரு நடைக்கும் காசு கேட்கவில்லை.

அந்தக் கார் 2022 ஆவணியில் நின்றுபோனது. சாத்தூரிலிருந்து விருதுநகர் வருகிற நாலுவழிச் சாலையில் தம்பி ஓட்டிக்கொண்டு வந்தான். முன்கூட்டி ஒரு சத்தமும் இல்லை. 'டக்' என்று ஒன்று கேட்டது, எஞ்சின் அமந்துவிட்டது. ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணினான்.

“செல்ப் போட்டியா?”

“ஒரு தடவ போட்டேண்ணே. திணறவே இல்ல. சர்ருனு லேசாச் சுத்துது.”

“இனிமே சாவியத் தொடாத. கீழ எறங்கி நில்லு.”

டீசல் எஞ்சின் லேசாகச் சுற்றினால் உள்ளே காற்று நெருங்கவில்லை என்று அர்த்தம். வால்வு மூடவில்லை. டைமிங் பெல்ட் போயிருக்க வேண்டும். ஒரு குட்டியானையில் கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எஞ்சினுக்குக் கீழே கிராங்க் இருக்கிறது, பிஸ்டனை ஏத்தி இறக்குவது. மேலே ஹெட்டில் கேம் இருக்கிறது, வால்வுகளைத் திறந்து மூடுவது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அரைப் பல் கூடப் பிசகக் கூடாது. நிமிசத்துக்கு 3,000 சுற்றில் வண்டி ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடும். கீழே உள்ளதையும் மேலே உள்ளதையும் கட்டி வைத்திருப்பது ஒரு ரப்பர் வார். உள்பக்கம் பல் வெட்டியது, பெரிய மனுசன் பெருவிரல் அகலம்தான் இருக்கும். எங்கள் காரில் டீசல் பம்பையும் அதேதான் சுற்றியது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் இந்த வேலைக்கு இரும்புச் செயின் இருந்தது. 1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகுதான் நம்ம ஊர் மெக்கானிக்குகள் பலருக்கு இந்த ரப்பர் பெல்ட்டே பழக்கமானது.

பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் ஓடிய வேகத்தில் இன்னும் சில சுற்றுச் சுற்றும். சில பெட்ரோல் எஞ்சின்களில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இடம் விட்டிருப்பார்கள், புதுப் பெல்ட்டைப் போட்டால் ஓடிவிடும். டீசலில் அது நடக்காது. 20 பங்குக் காற்றை ஒரு பங்காக நெருக்கினால்தான் டீசல் தானாகப் பத்தும். அதனால் பிஸ்டன் ஹெட்டை முட்டுகிற அளவுக்கு மேலே வரும். திறந்தபடி நின்ற வால்வுகளை அது குத்தி வளைத்துவிடும்.

டவுனில் ஒரு ஒர்க் ஷாப்பில் விசாரித்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். பிரித்துப் பார்க்காமலே 'ஹெட்டு போச்சு, 35,000 ஆகும்' என்றார்கள். பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். “ஒனக்குத் தெரியும்னா நீயே பாத்துக்க வேண்டியதுதான” என்றார் அங்கே இருந்தவர். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

1993இல் எனக்கு 12 வயசு. எங்கள் தெருப் பிள்ளைகள் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போன காலம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்றுதான் பெரிய தீர்ப்பு சொன்னது. 'நம்ம பய மருந்து வாடை இல்லாத எடத்துக்குப் போகட்டும்' என்று என்னை ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டார் அய்யா. கைப்பையன் வேலை. டீசலில் சாமான் கழுவுவது, டீ வாங்கி வருவது. எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ். எனக்கு ஒரு அலுமினிய டம்ளர், செவரோரம் கவுத்தி வைத்திருப்பேன். 'பதிமூணு எடு, பதினேழு எடு' என்று ஸ்பானர் கேட்பார் முதலாளி. நம்பர் படித்துக்கொண்டேன். ஆனால் வால்வுக்கு இடைவெளி வைக்கும்போதும் டைமிங் பூட்டும்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார். மற்ற பையன்களைப் பக்கத்தில் கூப்பிடுவார், என்னைக் கூப்பிட மாட்டார். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கீழேயிருந்து பார்த்தேன். ஆறு வருசம் கீழேயிருந்தே பார்த்துக் கத்துக்கொண்டதுதான் என் படிப்பு. பிறகு வெளியூரில் ஒரு கம்பெனி லாரி ஷெட்டில் வேலை கிடைத்தது. அங்கேதான் முதல் தடவையாக ஒரு எஞ்சின் புத்தகத்தைக் கையில் வாங்கி வாசித்தேன்.

அதனால் வீட்டு வாசலிலேயே பிரிப்பது என்று முடிவு பண்ணினோம். வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பேட்டரி வயரைக் கழட்டினோம். மேல் மூடியைக் கழட்டியதும் தெரிந்துவிட்டது. பெல்ட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை, பிறகு கிழிசல். தொட்டால் பிசுபிசு என்று எண்ணெய். கேம் முனையில் இருந்த ஆயில் சீல் கசிந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெல்ட்டை நனைத்திருக்கிறது. காரை விற்றவர் பெல்ட் மாத்தியாச்சு என்றுதான் சொல்லியிருந்தார். சீல் 80 ரூபாய்ச் சாமான். பெல்ட்டை மட்டும் மாற்றி அந்தச் சீலை விட்டிருந்தால் புதுசும் அப்படித்தான் போயிருக்கும்.

ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, டீசல் குழாய்கள், மேனிபோல்ட் எல்லாம் பிரித்தோம். ஹெட் போல்ட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாக அவிழ்த்தால் ஹெட் கோணிவிடும். கழட்டின போல்ட்டுகள் கலந்துவிடக் கூடாது. தம்பி மகள் பத்தாவது படிக்கிறவள், பட்டாசுப் பெட்டி அட்டை ஒன்றை எடுத்து வந்தாள். அதன் வெள்ளைப் பக்கத்தில் எஞ்சினைப் படமாக வரைந்து, போல்ட் இருக்கிற இடத்தில் துளை போட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் துளையில் குத்தி நிறுத்தினாள். அட்டையைத் திருப்பினால் சாமி படம் போட்ட சரவெடி லேபிள்.

ஹெட்டை நானும் தம்பியும் தூக்கித் திண்ணையில் வைத்தோம். நாலு பிஸ்டன் தலையிலும் நகத்தால் கீறின மாதிரி பிறைப் பிறையாகத் தடம். விரிசல் இல்லை. எட்டு வால்வில் ஐந்து வளைந்திருந்தன. தெருவே கூடி நின்று பார்த்தது. ஒரு பெரியவர் வளைந்த வால்வைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, “இம்புட்டுத்தானா இது? இதுக்கா முப்பத்தஞ்சாயிரம் கேட்டாக?” என்றார். இத்தனை வருசமாக எத்தனையோ வண்டிக்கு முன்னால் கைகட்டி நின்ற சனம். எஞ்சினுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தது.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 20 வருசத்துக்கு மேலாகப் பயராபீசில் திரி வேலை, மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது அலுமினியப் பவுடர் ஒட்டின கை வெள்ளி மாதிரி மின்னும். குளித்துத் துணி மாத்தாமல் அடுப்புக்கிட்டே போக மாட்டாள். அவள் வேலை பார்க்கிற இடத்தில் இரும்புச் சாமான் கூடாது. பித்தளை, மரம்தான். இரும்போடு இரும்பு உரசிப் பொறி பறந்தால் அந்த அறையே போய்விடும். அதனால் எங்கள் ஸ்பானர் நழுவி எஞ்சினில் 'ணங்' என்று விழும்போதெல்லாம் அவளுக்குத் தோள்பட்டை ஒரு தடவை துள்ளி அடங்கும். “இங்க மருந்து இல்லக்கா” என்றான் தம்பி. “எனக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரியலயே” என்றாள்.

லேத்துப் பட்டறையில் வால்வு கைடு மாற்றி, ஹெட்டின் முகம் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வந்தோம். புது வால்வை அப்படியே போட முடியாது, அது உட்காருகிற இடத்தோடு சேர்த்து அரைக்க வேண்டும். வால்வு விளிம்பில் மணல் பசை தடவி, ரப்பர்க் குப்பி வைத்த குச்சியை அதில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்து கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். இடைக்கிடை தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். அழுத்தினால் பள்ளம் விழும், விட்டுக்கொடுத்தால் பிடிக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் கை ஓய்ந்துபோனது. அக்கா ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு வால்வு பார்த்தாள், அடுத்ததை வாங்கிக்கொண்டாள். 20 வருசம் திரி உருட்டின கை. சத்தம் மாறுவதைக் கேட்டே 'போதும்' என்று நிறுத்துவாள். துடைத்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாக மோதிரம் மாதிரி ஒரு கோடு. வால்வுகளைப் பூட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. அந்த ஒர்க் ஷாப் முதலாளி என்னிடமிருந்து முதுகால் மறைத்த வேலைகளில் இதுவும் ஒன்று.

புதுப் பெல்ட்டைக் கையில் வாங்கியபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. நாங்கள் அருந்ததியர். தாத்தா ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டவர். செருப்பு, சாட்டை வார், மாட்டு வண்டிக்கு வார், கமலைக் கூனைக்குத் தோல் வால் எல்லாம் தைப்பார். கமலை இறைக்கையில் வால் கிழிந்தால் சம்சாரி ராத்திரி ரெண்டு மணிக்கும் வந்து தெரு முனையில் நின்று சத்தம் கொடுப்பான். கூலி கையில் கிடைக்காது, அறுப்புக்குக் களத்தில் தானியம். பிறகு பம்புசெட்டு வந்தது, கமலை போனது. ஊரில் ஒரு அரவை மில் வந்தது. அதில் எஞ்சினுக்கும் அரவைக்கும் நடுவில் அகலமான தோல் பெல்ட். அது அறுந்தாலும் தாத்தாவைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் எஞ்சின் ரூமுக்குள் விட மாட்டார்கள். பெல்ட்டைக் கழட்டி வெளியே போடுவார்கள். அவர் மண்ணில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார், அவர்கள் தண்ணி தெளித்து எடுத்துப்போய் மாட்டுவார்கள். அவர் தைத்த பெல்ட்டில்தான் ஊருக்கே நெல் அரைபட்டது. அது சுற்றுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஒரு வார் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று தாத்தா கையால் சொல்லுவார். மெதுவாக வளைத்து, வளைவில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். ஓரம் பிசிறு விட்டால் எங்கேயோ உரசுகிறது என்பார். நான் லாரி ஷெட்டில் வாசித்த புத்தகத்திலும் பெல்ட்டை இப்படித்தான் சோதிக்கச் சொல்லியிருந்தது. வெடிப்பு, பிசிறு, பளபளப்பு, எண்ணெய். ஒன்றுதான் தலைகீழ். தோலுக்கு எண்ணெய் உயிர், ரப்பருக்கு அதுதான் எமன். இந்த அறிவு தாத்தாவிடம் இருந்தவரை அதற்கு ஈனத்தொழில் என்று பெயர். அதே அறிவு ரப்பரில் வந்தபோது டெக்னிக்கல் என்று பெயர். அதற்கு ஒரு படிப்பு, ஒரு சம்பளம், ஒரு யூனிபாரம்.

தோல் தொழிலைப் பெருமை பேச நான் வரவில்லை. அது எங்கள் தலையில் கட்டப்பட்டது. செத்த மாடு தூக்க மாட்டோம், செருப்புத் தைக்க மாட்டோம் என்று நம் இளைஞர்கள் நிறுத்தியது சரி. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து ஒருத்தருக்கு மேல் ஒருத்தராக அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். அதோடு என் பங்குக்கு ஒன்று சொல்லுவேன். அழுக்கு வேலையை நம் தலையில் கட்டியதோடு நிற்கவில்லை, அந்த வேலையில் நம் கைக்கு வந்த அறிவை அறிவு என்று சொல்லவும் விடவில்லை. சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். தாத்தா எஞ்சின் ரூம் வாசலிலிருந்து உள்ளே போயிருப்பார். இரண்டு எட்டுத்தான் தூரம். அதைத் தாண்ட எங்கள் குடும்பத்துக்கு மூணு தலைமுறை ஆனது.

மாட்டுகிற வேலைக்கு வருகிறேன். ஹெட்டைப் புதுக் கேஸ்கெட்டோடு உட்கார வைத்து, போல்ட்டை இப்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக இறுக்கினோம். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுகிற டார்க் ரெஞ்சை ஐ.டி.ஐ. படித்த பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இரவல் வாங்கி வந்தான். கிராங்க் குறி, கேம் குறி, பம்ப் குறி மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்தி, புதுச் சீல், புது டென்ஷனர் போட்டுப் பெல்ட்டை ஏற்றினோம். பெல்ட்டை மடக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, நெம்பி ஏத்தக் கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகும் செல்ப் போடவில்லை. கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைக் கொடுத்துக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கேயாவது முட்டினால் கை சொல்லிவிடும், அங்கேயே நிறுத்தலாம். மோட்டார் சுற்றினால் அது சொல்லாது, வளைத்துவிடும். முட்டவில்லை. இரண்டு சுற்றுக்குப் பிறகு மூன்று குறியும் மறுபடி நேராக வந்து நின்றன. தம்பி மகள்தான் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

டீசலில் காற்றை எடுத்துவிட்டு மூன்றாவது செல்ப்பில் எஞ்சின் பத்தியது. கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்தது. ஆறு நாள் வேலை. வால்வு, பெல்ட், டென்ஷனர், கேஸ்கெட், லேத்துக் கூலி, ஆயில் எல்லாம் சேர்த்து 11,800 ரூபாய். ஹெட்டின் பக்கவாட்டில் பெயிண்டால் தேதியும் கிலோமீட்டரும் எழுதினோம். அடுத்து எப்போது மாத்த வேண்டும் என்பதையும் எழுதினோம். இனி இந்த வண்டி யார் கைக்குப் போனாலும் கேள்விப்பேச்சை நம்ப வேண்டியதில்லை.

அந்த எழுத்தை அக்கா வாசித்துக்கொண்டு நின்றாள். “அறுகுறதுக்கு முன்னாடியே மாத்தணும்னு புஸ்தகத்துலயே இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

அடுத்த வாரம் அவள் வேலை பார்க்கிற அறையில் போர்மேனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை, அவள் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள். பொறி உண்டாகாமல் இருக்கத் தரையில் விரிக்கிற ரப்பர் ஷீட்டு அந்த அறையில் ஓரமெல்லாம் கிழிந்து வெடித்துப் போயிருந்தது. “இத எத்தன மாசத்துக்கு ஒருக்க மாத்தணும்ணே? எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீகளா?” என்று கேட்டிருக்கிறாள். 20 வருசத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. “ஒனக்கு எதுக்கு அது?” என்றாராம் அவர். ஒரு அறைக்கு நாலு பேர் என்று சட்டம் இருக்கிறது, அந்த நாலு பேரில் நான் ஒருத்தி என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் வேன் வந்தது. அவளை ஏத்தவில்லை. கூட வேலை பார்க்கிற மற்ற மூன்று பொம்பளைகளும் ஏறின வேனிலிருந்து இறங்கிவிட்டார்கள். இரண்டு நாள் நாலு பேருக்கும் கூலி இல்லை. மூன்றாம் நாள் விடியக்காலம் வேன் வந்து நாலு பேரையும் ஏத்திக்கொண்டு போனது, தீபாவளிக்கு முன்னால் ஆள் பற்றாக்குறை. ஷீட்டு மட்டும் மாறவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மூலையில் நின்ற ஒருத்தி மறுபடி கேட்டிருக்கிறாள். அது அக்கா இல்லை, வேறொருத்தி.